இரண்டாம் தட்டின் நீலம்

நாம் இழுக்கிற மூச்சு போய் முடிகிற இடத்தில், நுரையீரலின் கடைசிச் சிற்றறைகளில், காவற்காரர்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கண் இல்லை, காது இல்லை, கையில் தடியும் இல்லை. உள்ளே வந்துவிட்ட தூசியையும் கிருமியையும் தடவிப் பார்த்து அப்படியே விழுங்கிவிடுவதுதான் அவர்கள் வேலை. விழுங்கியதைச் செரித்துவிட்டால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிற்று. செரிக்க முடியாத ஒன்றை விழுங்கினால்தான் கதை திசை மாறுகிறது. காவற்காரன் வயிறு கிழிந்து சாகிறான். விழுங்கப்பட்டது சேதமில்லாமல் வெளியே வந்து விழுகிறது. அடுத்த காவற்காரன் ஓடி வந்து அதையே விழுங்குகிறான். சாகிற ஒவ்வொருவனும் போடுகிற கூச்சலைக் கேட்டு, வேறு சில செல்கள் நாரும் கையுமாக வந்து சேர்கின்றன. காயத்தைத் தைப்பது அவற்றின் தொழில். நல்லெண்ணத்தோடுதான் தைக்கின்றன, நிறுத்தத்தான் தெரிவதில்லை. பஞ்சாக இருந்த இடம் கடைசியில் தோல்பை போலத் தடித்துப்போகிறது.

இந்தக் காவற்காரர்களை வளர்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண் இருந்தாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. நோயாளிகள் மனமுவந்து தந்த நுரையீரல் கழுவுநீரிலிருந்து செல்களைப் பிரித்தெடுப்பாள். தட்டுகளின் சிறு குழிகளில் இட்டு, உடற்சூடு மாறாத பெட்டிக்குள் வைப்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் உணவுநீர் மாற்றுவாள். மாற்றும்போது செல்களோடு பேசுவாள். "என்ன, எல்லாரும் சௌக்கியமா? யாரும் சண்டை போடலியே?" என்று அவள் கேட்பதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவள் வளர்த்த செல்களே அந்தக் கூடத்தில் அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதால், சிரிப்பு அதோடு நின்றுவிடும்.

அந்த ஆண்டு அவர்களுக்கு வந்த வேலை, உலோகம் உருக்கும் ஆலை ஒன்றின் புகைபோக்கிச் சாம்பலைச் செல்களுக்குக் கொடுத்து, அவை என்ன ஆகின்றன என்று பார்ப்பது. தலைமை ஆய்வாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி; நாக்கில் எப்போதும் ஒரு கேலி தயாராக இருக்கும்.

"சாம்பலைப் போட்டா செல்லு சாகுதுன்னு எழுதுவோம்," என்றார் அவர். "உடனே ஒருத்தர் எந்திரிச்சு, எந்தத் தூசியைப் போட்டாலும் சாகத்தானே செய்யும், இதுல என்ன அதிசயம்னு கேப்பார். அவர் வாயை அடைக்கணும்னா யாருக்கும் கெடுதல் பண்ணாத சாதுவான தூசி ஒண்ணு வேணும். வீட்டுத் தூசி மாதிரி."

"எங்க வீட்டுல இருந்து கொண்டு வரேன், மேடம்."

"உங்க வீட்டுலயா? நீ பெருக்கின தரையில எறும்பு வழுக்கி விழும்னு இங்க பேச்சு. தூசிக்கு நீ எங்க போவ?"

"அலமாரி மேல இருக்கும். என் கைக்கு எட்டாத இடம் அது ஒண்ணுதான்."

சொல்லும்போது அவளுக்குள் ஒரு சிறு பெருமை இருந்தது. மறுநாள் காலை நாற்காலி போட்டு ஏறி, புதுத் தூரிகையால் அலமாரியின் மேற்பரப்பைக் கூட்டி ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்தாள். தூசி வெளுப்பாக, மாவு போல மெல்லியதாக இருந்தது. வெளுப்பாக இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றவில்லை; சுத்தமான வீட்டில் தூசியும் சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சலித்து, கிருமி சாகும்படி சூடாக்கி, உப்புநீரில் கலந்து, மூன்று தட்டுகளைத் தயார் செய்தாள். முதல் தட்டில் தூசியே இல்லை. இரண்டாவதில் அவள் வீட்டுத் தூசி. மூன்றாவதில் ஆலைச் சாம்பல்.

மறுநாள் சாயம் விட்டுப் பார்க்கும் நேரம். அது ஒரு நீலச் சாயம். உயிருள்ள செல் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். செத்ததற்கு வாசல் ஏது? சாயம் உள்ளே புகுந்து அதை முழுக்க நீலமாக்கிவிடும். முதல் தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். கண்ணாடி மணிகளைப் போலச் செல்கள் தெளிந்து கிடந்தன. மூன்றாம் தட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நீலம். எதிர்பார்த்ததுதான். இரண்டாம் தட்டை வைத்தாள்.

முழுவதும் நீலமாக இருந்தது.

தட்டை எடுத்துப் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். வேறு குழியைப் பார்த்தாள். அங்கும் நீலம்தான்.

"தட்டை மாத்தி வெச்சிட்ட," என்றார் தலைமை ஆய்வாளர்.

"இல்ல மேடம்."

"அப்ப சூடு பண்ணாம போட்டிருப்ப. கிருமி தின்னிருக்கும்."

"ரெண்டு மணி நேரம் சூடு பண்ணேன். எழுதி வெச்சிருக்கேன்."

"சரி, திரும்பச் செய். இந்தத் தடவை எங்க வீட்டுத் தூசியையும் சேர்த்துக்கோ. எங்க வீட்டுத் தூசின்னா அதுல பாதி பூனை முடி. உன் செல்லுங்களுக்குத் தும்மல் வரும், பரவாயில்ல."

மூன்று நாள் கழித்து நான்கு தட்டுகளும் மேசைக்கு வந்தன. பூனை முடி கலந்த தூசி எந்தச் செல்லையும் ஒன்றும் செய்யவில்லை. அவள் வீட்டுத் தூசி விழுந்த தட்டு மட்டும் மறுபடி நீலமாக இருந்தது. ஆலைச் சாம்பலை விடவும் கொடுமையான நீலம். தலைமை ஆய்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நுண்ணோக்கியில் இரண்டு வடிகட்டிக் கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, விளக்கைத் திருகினார். அப்படிப் பார்த்தால் எல்லாம் இருண்டுபோய், படிகங்கள் மட்டும் ஒளிரும். செத்த செல்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் நாலைந்து புள்ளிகள் உடைந்த கண்ணாடித் தூள் போல மின்னின.

"கல்லு," என்றார் அவர். "சுத்தமான படிகக் கல்லு. ஏம்மா, வீட்டுல உக்காந்து மலையையா உடைக்கிற?"

அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகளாகக் கேட்கத் தோன்றாத ஒன்றை அப்போதுதான் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

அவள் கணவன் கல் அறுப்பவன். மலைக் கல் அல்ல. படிகத்தைப் பொடியாக்கிப் பசையோடு சேர்த்து இறுக்கிச் செய்கிற செயற்கைக் கல். சமையலறை மேடைக்கும் கை கழுவும் தொட்டிக்கும் அதைத்தான் இப்போது எல்லோரும் விரும்புகிறார்கள். அவன் பட்டறையிலிருந்து திரும்பும்போது புருவமும் முடியும் வெளுத்திருக்கும். ஆறு வயது மகள் வாசலிலேயே காத்திருப்பாள். "மந்திரம்! மந்திரம்!" என்று அவள் கத்த, அவன் உள்ளறையில் போய் நின்று சட்டையைக் கழற்றி ஒரே உதறாக உதறுவான், இரண்டு கைகளையும் பட்டென்று தட்டுவான். வெண்புகை எழும். அதற்குள் மறைந்துபோன மந்திரவாதியைத் தேடிக் குழந்தை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே பாய்வாள். பிறகு அந்தச் சட்டை அலமாரிப் பக்கத்து ஆணியில் தொங்கும். அலமாரியை ஒட்டிக் குழந்தையின் படுக்கை.

ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் அந்த அறையை உலர்ந்த விளக்குமாற்றால் மூலை முடுக்கு விடாமல் பெருக்குவாள். தரையில் அடங்கிக் கிடந்ததை எழுப்பி, உறங்குகிற குழந்தையின் முகத்தருகே மறுபடி மிதக்க விட்டது வேறு யாருமல்ல, அவளேதான். அது அப்போதுதான் அவள் மனத்தில் பட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மதிய இடைவேளையில் நேராகப் பட்டறைக்குப் போனாள்.

தகரக் கூரையின் கீழ் ஏழு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உள்ளே போனதும் பல்லில் நறநறவென்று ஏதோ பட்டது. அவள் முந்தானையை மூக்கில் இறுக்கிக்கொண்டாள். அறுவை எந்திரத்தின் கிறீச்சொலியில் யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை. அவள் கணவன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, ஒரு பலகையில் தொட்டிக்கான ஓட்டையை வளைத்து அறுத்துக்கொண்டிருந்தான். கத்தியின் வாயிலிருந்து வெள்ளைப் புகை பீறிட்டு அவன் மார்பில் மோதியது. எந்திரத்துக்கான தண்ணீர்க் குழாய் சுருட்டி ஆணியில் மாட்டப்பட்டிருந்தது.

"பவுடரண்ணே! அண்ணி வந்திருக்காங்க!" என்று ஒருவன் அவனைப் பட்டப்பெயரால் அழைத்துக் கத்தினான். "நேத்து சாப்பாட்டுல உப்பு கம்மின்னு எங்ககிட்ட சொன்னீங்களே, காதுல விழுந்திடுச்சு போல!"

எந்திரம் நின்றது. அவள் குழாயைக் காட்டினாள்.

"அது எதுக்கு ஆணில தொங்குது?"

பட்டறையில் மூத்தவர் மேஸ்திரி. அவரே பதில் சொன்னார். "நேரா அறுக்கிறதுக்குத் தண்ணி விடுவோம்மா. ஓட்டை போடறப்ப விட்டா பென்சில் கோடு அழிஞ்சு போயிடும். கோடு போச்சுன்னா பலகையே போச்சு. உங்க வீட்டுக்காரர் கைக்குக் கோடு மயிரிழை மாறாது. அதனாலதான் எல்லா ஓட்டையும் அவருக்கே விட்டிடறோம்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். ஏழு பேரில் கை நேர்த்தியானவன் என்பதாலேயே ஏழு பேரில் அதிகமாக அந்தப் புகையைக் குடித்தவன் அவள் கணவன்.

அவள் நடந்ததைச் சொன்னாள். நீலத்தைச் சொன்னாள், மின்னிய புள்ளிகளைச் சொன்னாள்.

"ஆராய்ச்சி பண்ண எலி கெடைக்கலன்னு என் சட்டையைப் பிடிச்சிட்டியா?" என்றான் அவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இருபது வருஷமா கல்லறுக்கிறேன்மா," என்றார் மேஸ்திரி. "ராத்திரி கொஞ்சம் இருமல் வரும். வெல்லத்தை வாயில போட்டா அடங்கிடும். உங்க செல்லுக்கு வெல்லம் குடுத்துப் பாத்தீங்களா?"

சிரிப்பு பெரிதாயிற்று. அவள் கணவனை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"சட்டையில இருந்து எடுக்கலங்க. அலமாரி மேல இருந்து எடுத்தேன். பாப்பா படுக்கைக்குப் பக்கத்துல இருக்கே, அந்த அலமாரி."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. கைக்குட்டையை அவிழ்த்தான். மூக்கும் வாயும் இருந்த இடம் மட்டும் வேறு யாருடைய முகமோ போலக் கறுத்துத் தெரிந்தது. மேஸ்திரியிடம் தலையசைத்துவிட்டு அவளோடு புறப்பட்டான்.

அவர்கள் குடியிருந்தது மூன்றாம் மாடி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவன் நின்று, பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்க்கலானான். ஏதோ செய்தி வந்திருக்கிறது என்று நினைத்து அவளும் நின்றாள். பிறகுதான் கவனித்தாள், கைப்பேசியின் திரை அணைந்து கிடந்தது. அவன் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எத்தனையோ மாதமாக இந்தத் திருப்பத்தில் அவன் செய்தி படிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்ன எத்தனை நாளா?"

"இங்க நிக்கிறது."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன மழைக் காலத்துல இருந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ செல்லுக்கெல்லாம் சௌக்கியம் விசாரிக்கிறவ. என் நெஞ்சுல ஒண்ணுன்னு தெரிஞ்சா, என்னையும் தட்டுல ஊத்தி..." வேடிக்கையை முடிக்க மூச்சு போதவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு வேறு குரலில், "பயமா இருந்துச்சும்மா," என்றான். "கேட்டா நீ உண்மையைச் சொல்லிடுவ. அதான் கேக்கல."

கதவு திறந்ததும், பகலில் பக்கத்து வீட்டில் இருக்கும் குழந்தை ஓடி வந்து "மந்திரம்!" என்று பாய்ந்தாள். அவன் அவளைத் தொடாமல் பின்னால் நகர்ந்தான். வெளி நடையிலேயே சட்டையைக் கழற்றி ஒரு பைக்குள் இட்டு, அதன் வாயை முடிச்சுப் போட்டான்.

"என்னப்பா, இன்னிக்கு மந்திரம் இல்லியா?"

"மந்திரவாதிக்கு உடம்பு சரியில்ல, செல்லம்."

"செத்துப் போயிடுவாரா?"

கதைக்குள்ளே இருந்துகொண்டு குழந்தை கேட்ட கேள்வி அது. பெரியவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவள் வாளியில் தண்ணீர் பிடித்து, ஈரத் துணியால் சுவரை, கட்டிலை, அலமாரியை, பொம்மைகளைத் துடைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு முறை பிழியும்போதும் நீர் பால் நிறத்தில் ஓடியது. குழந்தையின் தலையணை உறையைக் கடைசியில் தண்ணீரில் அமுக்கினாள். அதிலிருந்தும் பால் நிறம்தான் வந்தது. அதைப் பார்த்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாளில் மார்புப் படங்கள் எடுத்தார்கள். முதலில் குழந்தையுடையது வந்தது. மருத்துவர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டி, மூலைக்கு மூலை பார்த்து முடிக்கும்வரை அவள் தன் சுட்டு விரலை மறு கையால் நெரித்துக்கொண்டே இருந்தாள்.

"இப்போதைக்குத் தெளிவா இருக்கு," என்றார் அவர்.

"இப்போதைக்குன்னா?"

"இந்தத் தூசி சட்டுனு காட்டிக் குடுக்காது. வருஷா வருஷம் வந்து பாத்துக்குவோம். ஒண்ணும் வராமலே போகலாம். வராதுன்னு எழுதிக் குடுக்க மட்டும் என்னால முடியாது."

அவள் கணவனின் படத்தைப் பற்றி மருத்துவர் அதிகம் பேசவில்லை. இரண்டு நுரையீரல்களின் மேற்பாதியிலும் தினை சிந்தியது போல நிழல்கள். உள்ளே குழாய் விட்டு உப்புநீரால் கழுவி, அந்த நீரைப் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்த மருத்துவமனையில் கழுவுநீரைப் பார்ப்பது ஒரே ஓர் இடத்தில்தான்.

குப்பி வந்தபோது தலைமை ஆய்வாளர் கையை நீட்டினார். "குடு, நான் பாக்கறேன். நீ போய் அவர் பக்கத்துல உக்காரு."

"நானே பாக்கறேன், மேடம்."

"பிடிவாதம் பிடிக்காத."

"அவரோட செல்லு மேடம். வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல."

தலைமை ஆய்வாளர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அவள் அருகில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இருநூறு செல்களை எண்ண வேண்டும்; அதுதான் முறை. அவள் வழக்கம்போல விளக்கைத் திருகினாள். இருளில் விண்மீன்கள் போலப் புள்ளிகள் எழுந்தன. ஒவ்வொரு செல்லாக நகர்த்தினாள். இது விழுங்கியிருக்கிறது. இதுவும். இது விழுங்கியதோடு வீங்கி ஓரம் கிழிந்திருக்கிறது. இதில் ஒன்றுமில்லை. அடுத்தது விழுங்கியிருக்கிறது. சில செல்கள் தம்மைவிட நீளமான சில்லைப் பாதி விழுங்கி, மீதியைத் துப்பவும் முடியாமல் நின்றன. செல்களோடு பேசுகிற வழக்கமுடைய அவள் அன்று வாயைத் திறக்கவில்லை. இருநூறில் நூற்று முப்பத்தேழு என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை.

கணவன் சிறப்பு அறையில் சாய்ந்து படுத்திருந்தான். தொண்டை மரத்திருந்ததால் இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது. அவளைப் பார்த்ததும் கட்டிலில் இடம் விட்டான்.

"பாத்தியா?" குரல் காற்றாக வந்தது.

"பாத்தேன்."

"சொல்லு."

அவள் எண்ணைச் சொன்னாள். தைக்கத் தொடங்கிவிட்டது பிரியாது என்று சொன்னாள். இனிமேல் கல் பக்கமே போகாமலிருந்தால் தையல் மெதுவாகலாம், நின்றும் போகலாம், நிற்காமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டான். கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று, அதைத் துடைக்கவில்லை.

"பாப்பாவுக்குத் தெளிவாத்தானே இருந்துச்சு? இன்னொரு தடவை சொல்லு."

"தெளிவா இருந்துச்சு."

"நான்தானே தினம் அவ மேல..."

"நானும்தான் தினம் பெருக்கி எழுப்பினேன். அதை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கலாம். இப்ப பேசாதீங்க, தொண்டை கெட்டிடும்."

ஆனால் அவன் கைப்பேசியை எடுத்து மேஸ்திரியை அழைத்தான். இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமியும் பேச்சு எழவில்லை. அந்தப் பக்கத்தில் எந்திரம் கத்திக்கொண்டிருந்தது. "யாரு? பவுடரா? சத்தமாப் பேசுப்பா, கோடு போட்டு வெச்சிருக்கேன், நீ வராம ஓட்டை நிக்குது!" என்றார் மேஸ்திரி. அவன் கைப்பேசியை மனைவியிடம் கொடுத்து, சொல்லு என்று கண்ணால் காட்டினான்.

அவள் எந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள். எண்ணைச் சொன்னாள். இந்த முறை வெல்லத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மேஸ்திரி, "நாங்க எங்கம்மா வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மார்புப் பிரிவின் நடையில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளித்துத் தலைவாரி வந்திருந்தார்கள். ஆனாலும் காதோரச் சுருக்கங்களில் வெள்ளை ஒட்டியிருந்தது. ஒருவனுக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவள் கடந்து போனபோது ஆறு பேரும் எழுந்து நின்றார்கள். "அண்ணி" என்று ஒருவன் தொடங்கி, மேற்கொண்டு சொல்லத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான்.

நிழல் தெரிந்தவர்களுக்கு மட்டும் கழுவிப் பார்க்கலாம் என்று முடிவாகியிருந்தது. ஒரு குப்பி, அதிகம் போனால் இரண்டு வரும் என்று அவள் தனக்குள் கணக்கிட்டு வைத்திருந்தாள். வார இறுதியில் பணியாளர் ஒரு தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதில் ஐந்து குப்பிகள் இருந்தன. மேலே பெயர் கிடையாது, எண்கள்தான். எது மேஸ்திரியுடையது, எது மீசை முளைக்காதவனுடையது என்று அவளுக்குத் தெரியாது.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள். முதல் குப்பியின் மூடியைத் திறக்கப் பிடித்தவள், ஒரு கணம் நின்று, திரும்பிப் பார்த்தாள்.

"மேடம், கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காருங்களேன்."

தலைமை ஆய்வாளர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். அவள் விளக்கை ஏற்றினாள்.